மூணாம் நம்பர் முட்டை

பிப்ரவரி 2

மேடம் கொடுத்த நோட்டில் கட்டம் போட்டிருக்கு. தேதி, தண்ணிச் சூடு, உப்பு, தின்ன இறால் எத்தனை. அதில் என் வாயை எழுத இடமில்லை. அதனால மாடசாமி அண்ணாச்சி மேசையில சும்மா கிடந்த இந்தப் பழைய டைரியை எடுத்துக்கிட்டேன். போன வருசத்து டைரி. அவர் அதுல ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கார்: "மோட்டார் ரிப்பேர்." ஒரு வருசத்துல அவர் வாழ்க்கையில நடந்தது அவ்வளவுதான் போல.

என் பேர் சலேத். வயசு நாற்பத்தேழு. அஞ்சாம் வகுப்பு. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்துல இருக்கிற மீன் ஆராய்ச்சிக் கூடத்துல தொட்டி கழுவுற வேலை. அண்ணாச்சி பம்ப் போடுறவர். கோதை மேடம் டாக்டர். ஊசி போடுற டாக்டர் இல்லை, மீனுக்குப் படிச்ச டாக்டர்.

ரெண்டாம் தொட்டியில ஒரு சுறா இருக்கு. சுறான்னதும் ஆளைத் துரத்துறதுன்னு நினைச்சுக்க வேண்டாம். மூணு அடி கூட இல்லை. தரையோட தரையா கிடக்கும். மூங்கில் சுறான்னு மேடம் சொல்றாவ. எங்க வீட்டுக்காரர் கஸ்பார் மீன்பிடிக்கப் போற லாஞ்சியில மடிவலையில வந்தது. காலையில பிடிச்சதை ஈரச்சாக்குல சுத்தி மத்தியானம் கொண்டு வந்தார். செத்திருக்கும்னு நான் குழம்புக்குப் புளி ஊறவச்சிட்டேன். சாக்கைப் பிரிச்சதும் வாலால என் கன்னத்துல ஒண்ணு வச்சது. அப்படியே பக்கெட்டுல போட்டு மேடத்துக்கிட்ட கொண்டு வந்துட்டேன்.

பகல் பூரா சிமெண்ட் குழாய்க்குள்ள உடம்பை விட்டுக்கிட்டு அசையாம கிடக்கும். கண்ணு மட்டும் நம்ம மேல இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திரிக்கும். அதனால மாமியார்னு பேர் வச்சேன். மேடம் சிரிச்சாவ. "அறிக்கையில அப்படி எழுத முடியாது சலேத்."

மாமியார் போன மாசம் ஆறு முட்டை போட்டா. என்னை நம்பித்தான் விட்டிருக்காவ.

பிப்ரவரி 13

கோழி முட்டை மாதிரி இல்லை. உள்ளங்கை நீளத்துக்கு, தவிட்டு நிறத்துல, பழைய தோல் பர்ஸ் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணிக்குள்ள வச்சு, பின்னால டார்ச் அடிச்சுப் பார்க்கணும். உள்ளே இருக்கிறது அப்படியே தெரியும். ஒண்ணாம் நம்பரும் ஆறாம் நம்பரும் கலங்கின மோர் மாதிரி இருந்தது. கெட்டுப்போச்சு. மிச்சம் நாலு.

"ஆம்பளையே இல்லாத தொட்டியில முட்டை எப்படி மேடம்?"

"இங்கே வர்றதுக்கு முன்னாடியே சேர்ந்திருக்கும். வாங்கின விந்தை உள்ளேயே பத்திரமா வச்சுக்கும். சிலது வருசக்கணக்காக் கூட. வேணும்கிறப்ப எடுத்துக்கும்."

"அப்ப மாமியார்தான் மேடம். எதையும் மறக்க மாட்டா."

பிப்ரவரி 27

நாலு முட்டையிலும் நூல் மாதிரி ஒரு குஞ்சு. மஞ்சக்கருவுல ஒட்டிக்கிட்டு வாலை ஆட்டுது, ஆட்டுது, ஆட்டிக்கிட்டே இருக்கு. உள்ளே இருக்கிற தண்ணி தேங்காம இருக்க அப்படி ஆட்டுமாம். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரும். பொறக்கவே இல்லை, அதுக்குள்ள உம்ம பம்பை விட நல்லா ஓடுது."

"ஏ சலேத்து, உன் வாய்க்கு ஒரு மோட்டார் மாட்டினா ஊருக்கே கரண்ட் எடுக்கலாம்."

குளிக்கும்போது இடது பக்கம் கைக்கு ஒரு புளியங்கொட்டை தட்டுப்பட்டது. கொழுப்புக்கட்டியா இருக்கும். நமக்கு அதுக்கா குறைச்சல்.

மார்ச் 9

கூடத்துல பொம்பளைங்களுக்கு மட்டும் பரிசோதனை முகாம். வேன்லயே மெஷின் கொண்டு வந்திருந்தாவ. எல்லாரையும் மேடம் வரிசையில நிற்கச் சொன்னாவ. நான் ரெண்டாம் தொட்டியைத் தேய்க்கப் போயிட்டேன். அங்கேயே தேடி வந்துட்டாவ.

"முட்டை பொரியட்டும் மேடம். அப்புறம் நிதானமா போறேன்."

"முட்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பாதியில வேலையை விட்டுட்டு வர எனக்கு மனசு வராது."

என் அக்கா ஞானப்பூ ஆறு வருசத்துக்கு முன்னாடி மார்புக்கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. நடந்து போனா, பெட்டியில வந்தா. கத்தி பட்டதும் பரவிருச்சுன்னு ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அதைப் பத்தி அவ்வளவுதான்.

தொட்டி பளபளன்னு இருக்கு.

மார்ச் 16

புளியங்கொட்டை இப்போ பாக்கு.

மார்ச் 22

தவக்கால நடைப்பயணம் போனோம். வழியில ஒருத்தன் துணி விரிச்சுக் காப்பு வித்துக்கிட்டிருந்தான். செம்புக் கம்பியும் இரும்புக் கம்பியும் சேர்த்து முறுக்கினது. கைவலி, கழுத்து வலி, நரம்பு இழுக்கிறது, கட்டி, எல்லாத்தையும் உறிஞ்சிருமாம். கழற்றவே கூடாதாம். கழற்றினா உறிஞ்சது அத்தனையும் திரும்ப இறங்கிருமாம். இடது கையில போட்டுக்கிட்டேன். கொஞ்ச நாளா அந்தக் கை கனமா இருக்கு. வாளி தூக்குறதுதான் காரணம்.

"என்ன சலேத்து, விலங்கு மாட்டிட்டாவளா?" அண்ணாச்சி.

"உம்மை என்னைக்காவது அடிப்பேன்ல. முன்கூட்டியே மாட்டிக்கிட்டேன்."

ஏப்ரல் 1

முட்டை ஓரத்துல கீறல் விட்டிருக்கு. பயந்துபோய் மேடத்தைக் கூப்பிட்டேன். சந்தோசமாயிட்டாவ. நேரம் வந்தா அது தானா திறக்குமாம். இதுவரை உள்ளே இருந்த தண்ணியில வாழ்ந்தது. இனிமே கடல்தண்ணி போகும், வரும். குஞ்சு செவுளை அடிச்சு மூச்சு விடும்.

மாமியாருக்கு இதுல ஒரு அக்கறையும் இல்லை. முட்டையைப் போட்டதோட சரி. மணலுக்குள்ள நான் புதைச்சு வச்ச இறாலை மீசையால தடவிக் கண்டுபிடிச்சு, டப்புனு ஒரு உறிஞ்சு. அப்புறம் குழாய். பெத்தவ மூஞ்சியையே பார்க்காம பிழைக்கப் போற பிள்ளைங்க.

ஏப்ரல் 10

ஒரு வாரமா நான் கையில எடுத்தா குஞ்சுக அசைய மாட்டேங்குது. சுருண்டு கிடக்குது. கிண்ணத்துல கையை விட்டுப் பிடிச்சுக்கிட்டு டார்ச் அடிக்கிறேன், ஒண்ணுமில்லை. அண்ணாச்சி மட்டும், "நான் எட்டிப் பார்க்கும்போது ஆடிச்சே"ங்கிறார். அவர் கண்ணாடி போடாம பார்ப்பார், அவருக்கு எல்லாமே ஆடும்.

மூணாம் நம்பர்தான் ரொம்ப மோசம். நகத்தால தட்டினேன். முப்பது எண்ணினேன். திரும்பத் தட்டினேன். லாஞ்சியில மடியைக் கொட்டினா எங்க ஆளுங்க இப்படித்தான் தட்டிப் பார்ப்பாவ. துடிச்சா ஒரு கூடை, துடிக்கலைன்னா இன்னொரு கூடை. முப்பது வருசமா அந்தக் கூடையில கை வச்சவ நான். எனக்குத் தெரியாதா.

மேடம் மீட்டிங்குக்குச் சென்னை போயிருக்காவ. நோட்டுல "3 செத்தது"ன்னு எழுதினேன். வந்து அறுத்துப் பார்ப்பாவன்னு மூலையில இருந்த பக்கெட்டுல கொஞ்சம் தண்ணியில போட்டு வச்சேன்.

ஏப்ரல் 13

மேடம் மூணாம் நம்பரைக் கத்தரியால வெட்டித் திறந்தாவ. முழுசா இருந்தது. விரல் நீளம். உடம்புல பட்டை பட்டையா கறுப்பு. மூக்குல மீசை கூட. வயித்துல மொச்சைக்கொட்டை அளவுக்கு மஞ்சக்கரு மிச்சம் இருந்தது.

மேடம் கத்தரியைக் கீழே வச்சாவ.

"இது வெள்ளிக்கிழமை சாகலை சலேத். செத்து மூணு நாள் ஆகியிருந்தா அழுகியிருக்கும். நேத்து ராத்திரி வரைக்கும் இருந்திருக்கு. பக்கெட்டுல காத்துக் குழாய் இல்லை. அதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்துட்டுப் பம்ப் ரூமுக்குப் போயிட்டார்.

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிருச்சு. லாஞ்சி எல்லாம் கரையில. கஸ்பார் வீட்டுல.

அஞ்சாம் நம்பரும் இன்னைக்கு அசையலை. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. "நீங்களே பாருங்க மேடம்"னு கூப்பிட்டேன்.

மேடம் டார்ச்சை வாங்கிக்கிட்டாவ. நான் முட்டையைப் பிடிச்சிருந்தேன். அசைவே இல்லை.

"கையை எடு."

எடுத்தேன். கொஞ்ச நேரத்துல செவுள் லேசா அடிச்சது. அப்புறம் நல்லாவே அடிச்சது.

"திரும்ப வை."

வச்சேன். நின்னுபோச்சு. வாலைச் சுருட்டிக்கிச்சு.

மேடம் தன் கையை விட்டுப் பார்த்தாவ. குஞ்சு ஒரு தடவை நெளிஞ்சிட்டுப் பழையபடி செவுளை அடிச்சது. அப்புறம் என் கையையே பார்த்தாவ.

"அந்தக் காப்பைக் கழற்று."

"கழற்றக் கூடாது மேடம்."

"சலேத்."

"கழற்றினா இறங்கிரும்னு சொன்னான் மேடம்."

"எது இறங்கும்?"

சோப்புப் போட்டுக் கழற்றினேன். வெறுங்கையை விட்டா அஞ்சாம் நம்பர் கண்டுக்கவே இல்லை. மேடம் காப்பை மட்டும் ஒரு நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள இறக்கினாவ. செவுள் நின்னுபோச்சு.

அப்புறம் எனக்குப் புரியுற மாதிரி சொன்னாவ. உயிருள்ளது எதுவும் தண்ணியில லேசா கரண்ட் விடுமாம். சுறாவுக்கு மூக்கைச் சுத்திப் பொடி ஓட்டைக இருக்கு. அதால அந்தக் கரண்டைக் கண்டுக்குமாம். முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சுக்கும் அது உண்டு. பக்கத்துல பெரிய மீன் வந்துருச்சுன்னு தெரிஞ்சா ஓட முடியாதே, அதனால மூச்சையே நிறுத்திரும். அடிக்கிற செவுள் காட்டிக் கொடுத்திரும்ல. செம்பும் இரும்பும் உப்புத்தண்ணியில ஒண்ணா பட்டா பேட்டரி மாதிரி. என் காப்பு அதுக்கு ஒரு பெரிய மீன்.

"எத்தனை நேரம் மேடம் மூச்சை நிறுத்தி வைக்கும்?"

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் விட்டுத்தான் ஆகணும்."

"அசையாம இருந்தா தப்பிச்சிருமா?"

"வந்த மீன் போயிருச்சுன்னா தப்பிக்கும்."

"போகலைன்னா?"

மேடம் டார்ச்சை அணைச்சாவ. "இந்தக் காப்பு எதுக்குப் போட்டே?"

"கைவலி மேடம். வாளி தூக்குறேன்ல."

ஏப்ரல் 18

மூணாம் நம்பர் என்னைப் பார்த்துத்தான் மூச்சைப் பிடிச்சிருக்கு. நான் தட்டத் தட்ட, நான் எண்ண எண்ண, உள்ளே பிடிச்சுக்கிட்டே கிடந்திருக்கு. உயிரோட இருக்கணும்னு பிடிச்சது. அதைப் பார்த்துத்தான் செத்ததுன்னு எழுதினேன்.

ஏப்ரல் 26

தொட்டிப் பக்கம் போகும்போது காப்பைக் கழற்றிருவேன். வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்குவேன். குஞ்சுக்கும் எனக்கும் தொந்தரவு இல்லை.

ஆம்பளை வீட்டுல ரெண்டு மாசம் உட்கார்ந்தா எல்லாத்தையும் கவனிப்பான். கடல்ல பத்து நாள் கிடந்தா பொண்டாட்டி மூஞ்சி மறந்துபோகும், அதுதான் குடும்பத்துக்கு நல்லது.

"ஏட்டி, குடம் ஏன் எப்பவும் வலது இடுப்புல?"

"இடது இடுப்புக்கு லீவு."

"படுக்கிறதும் ஒரு பக்கமாவே படுக்க."

"அந்தப் பக்கம் திரும்பினா உம்ம மூஞ்சி தெரியுது."

சிரிக்கலை. ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே இருந்தார். வலையில கிழிசலே இல்லாத இடத்துல தைச்சுக்கிட்டிருந்தார்.

"ஞானப்பூ மைனியும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருந்தாவ."

நான் சோத்தைப் பார்க்க எழுந்து போயிட்டேன். சோறு எப்பவோ வெந்திருந்தது.

மே 4

எழுதிரலாம்.

ஞானப்பூ என்கிட்டதான் முதல்ல காட்டினா. கிணத்தடியில, ஜாக்கெட்டை இறக்கி. எலுமிச்சங்காய் இருக்கும். "யார்கிட்டயும் சொல்லிராதட்டி"ன்னா. நான் சொல்லலை. அவளுக்குச் சிரிப்பு மூட்டினேன். கோவில்ல இருந்து எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். பதினோரு மாசம் அவ ரகசியத்தை என் ரகசியம் மாதிரி வச்சிருந்தேன். அதுல எனக்குப் பெருமை கூட இருந்தது, அக்கா என்னைத்தானே நம்பினான்னு. கட்டியில இருந்து வாடை வந்தப்பதான் அவ புருசன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு ஓடினார்.

கத்தி பட்டதால பரவலை. பரவின பிறகுதான் கத்திக்கிட்ட போனா. டாக்டர் வராந்தாவுல நின்னு, "இவ்வளவு நாள் வீட்டுல யாருக்குமே தெரியாதா?"ன்னு கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

காலையில கஸ்பார் டீ குடிச்சுக்கிட்டிருந்தார். கிளாஸை வாங்கிக் கீழே வச்சேன். அவர் கையைப் பிடிச்சு அந்த இடத்துல வச்சேன்.

எழுந்து சட்டை போட்டார். மாத்தி, தையல் வெளியே தெரிய. "திருப்பிப் போடும்"னு சொன்னேன். காதுல விழலை.

மே 6

ஸ்கேன் ரூம். "உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தோடு, செயின், காப்பு, எல்லாம் கழற்றுங்க." கஸ்பார் சட்டைப்பையில போட்டேன். அவர் பை பொங்கிக்கிட்டு நின்னது.

மெஷின் ஓட்டுற பிள்ளை என்னை அதுல அமுக்கிப் பிடிச்சா. ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவுல சப்பாத்தி.

"மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க."

பிடிச்சேன். உள்ளே இருக்கிறது எல்லாம் இப்போ தெரியும்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை நான் டார்ச் அடிக்கிற மாதிரி.

"அம்மா, விடுங்க. எப்பவோ முடிஞ்சிருச்சு. மூச்சை விடுங்க."

விட வரலை. அந்தப் பிள்ளை முதுகுல தட்டினா. அப்புறம்தான் அழுகை வந்தது. சவம், அங்கே போயா வரணும்.

மே 15

அதுதான்.

ஊசி வச்சு எடுத்துப் பார்த்துச் சொல்லிட்டாவ. இடது பக்கம் முழுசா எடுக்கணும். அக்குள் வரைக்கும் வந்திருக்கா என்னன்னு திறந்தாத்தான் தெரியுமாம். "நேரத்துக்கு வந்துட்டேனா?"ன்னு கேட்டேன். "இன்னும் முன்னாடி வந்திருக்கலாம். ஆனா வந்துட்டீங்க"ன்னாவ டாக்டரம்மா. 25ஆம் தேதி ஆபரேசன்.

மேடத்துக்கிட்ட போய்ச் சொன்னேன். முகாம் அன்னைக்குத் தொட்டி தேய்ச்சதையும் சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாவ.

"மூணு முட்டை இருக்கே மேடம். எப்ப வேணாலும் பொரியும். ஒரு வாரம் தள்ளி..."

"நீ ஒரு நாளும் தள்ளக் கூடாது. முட்டையை நான் பார்த்துக்கறேன்."

அண்ணாச்சிக்கு யார் சொன்னாவளோ, என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னார்.

"என்ன அண்ணாச்சி, மோட்டார் ரிப்பேரா?"ன்னேன். பம்ப் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

மே 24

வார்டுல படுக்கை கொடுத்துட்டாவ. நாளைக்குக் காலையில. காப்பைக் கஸ்பார்கிட்ட கொடுத்துக் கடல்ல போடச் சொன்னேன். அப்புறம் யோசிச்சு, "வேண்டாம், கடல்ல எவ்வளவு முட்டை கிடக்கோ"ன்னேன். பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லிட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி போன்.

"ஏ சலேத்து! ரெண்டாம் நம்பர் வெளியே வந்துருச்சு! தலையால முட்டி முட்டி, ஓரத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்தது. நானும் மேடமும் பார்த்தோம்."

"இப்ப என்ன செய்யுது?"

"கல்லுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. அசையவே இல்லை."

"அண்ணாச்சி, தட்டிக்கிட்டிருக்காதீரும். கையை வெளியே எடும். வாட்ச் கட்டியிருக்கீரா?"

"கழற்றிட்டேன்."

"தள்ளி நின்னு பாரும். செவுள்?"

போன்ல பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துப் படுக்கைக்காரி என்னையே பார்த்தா.

"அடிக்குது சலேத்து. நல்லா அடிக்குது."

ஜூன் 2

உயிரோட இருக்கேன்.

நாலும் அஞ்சும் போன வாரமே பொரிஞ்சிருச்சு. மூணு குட்டிகளும் இறால் துண்டைத் தின்னுதாம். நாலா இருந்திருக்கணும்.

அக்குள்ல ரெண்டு இடத்துல இருந்ததாம். எடுத்துட்டாவ. இன்னும் மருந்து ஏத்தணும், முடி கொட்டும். "நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆயிருவோம்"னு பார்க்க வந்த அண்ணாச்சியோட வழுக்கையைப் பார்த்துச் சொன்னேன். சிரிச்சார். நானும் சிரிச்சேன். சிரிச்சா தையல் இழுக்குது.

ஜூன் 4

இந்த வார்டைக் கூட்டுற பிள்ளை பேர் இசக்கியம்மா. முப்பத்தஞ்சு இருக்கும். என் வாய்க்கு ஈடு கொடுப்பா. இன்னைக்கு மத்தியானம் கட்டிலுக்கு அடியில கூட்டிக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தா.

"அங்கே என்ன புதையலா இருக்கு?"ன்னேன்.

எழுந்து பக்கத்துல உட்கார்ந்தா. திரையை இழுத்து விட்டா. என் கையை எடுத்து, அவ வலது பக்கம் வச்சா. சேலைக்கு மேலேயே தெரிஞ்சது. பாக்கு.

"எத்தனை நாளா?"

"பொங்கல்ல இருந்து இருக்குக்கா." சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பு நல்லா தெரியும். "ஒண்ணுமில்லை, உங்ககிட்ட சும்மா காட்டினேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்"னேன்.

அவ வாரியலை எடுத்துக்கிட்டு எழுந்தா. நான் வலது கையால அவ மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர்!"னு கத்தினேன். தையல் அத்தனையும் பிச்சுக்கிட்டு வந்த மாதிரி இருந்தது. அவ கையை உருவப் பார்த்தா. விடலை. மூச்சை நல்லா இழுத்துத் திரும்பவும் கத்தினேன்.